இராட்சதரும் கபச் சுரப்பியும்

நெடுந்தீவுக்குச் செல்வோர் காணாது திரும்பாத காட்சிகள் சில உண்டு. வெட்டவெளியிலே கூட்டங் கூட்டமாகத் திரியும் மட்டக் குதிரைகள், பருத்த அடியோடு நிற்கும் பெருக்க மரம், பவளக் கல்லால் எழுப்பப்பட்டுப் பாழடைந்து கிடக்கும் கோட்டை என்பவற்றோடு, கற்றரையிலே பதிந்த பெரியதொரு பாதத் தடத்தையும் ஊரார் காட்டுவர். முன்னொரு காலத்தில் அத்தீவிலே நடமாடிய இராட்சதன் ஒருவனின் காலடி அது என்பது அங்கு வழங்கும் கதை. சுண்ணக்கல் மழையாலும் கடற்காற்றாலும் அரிக்கப்படும்போது பல்வேறு வடிவங்களைப் பெறுதல் இயல்பு. அவற்றுள் ஒன்று மனிதப் பாதத்தை ஒத்திருத்தல் வியப்பன்று. எனினும், கதையைக் கேட்டு நகைத்துவிட்டு அப்பாற் செல்லுமுன் ஒரு வினா எழல் வேண்டும். உலகில் உண்மையாகவே இராட்சதர் வாழ்ந்தனரா?

வாழ்ந்தனர். கதைகளில் வருவது போன்று மலையைத் தாங்கியோர் அல்லர். ஆயினும், ஏழடியையும் எட்டடியையும் கடந்து வளர்ந்த மனிதர் பலரை வரலாறு அறியும். அமெரிக்க நாட்டில் 1918இல் பிறந்து 1940இல் மறைந்த இறொபேட் வாட்லோ என்பவரின் உயரம் 272 சென்றிமீற்றர். இத்தகையோரின் வளர்ச்சிக்குக் காரணம் வரமுமன்று, சாபமுமன்று. மூளையின் அடியிலே பட்டாணிக் கடலை அளவில் அமைந்துள்ள ஒரு சிறு சுரப்பியில் தோன்றும் கட்டியே அது.

அச்சுரப்பியைக் கபச் சுரப்பி என்று இலங்கைப் பாடநூல்கள் வழங்கும். பெயருக்கு ஒரு பழங்கதை உண்டு. மூளையிலே உண்டாகும் கபம் இச்சுரப்பியின் வழியே மூக்கிற்கு வடிகின்றது என்று மேலைநாட்டுப் பண்டை வைத்தியர் கருதினர். அக்கருத்து 17ஆம் நூற்றாண்டிலேயே பிழையென நிறுவப்பட்டது. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. அரைக் கிராம் அளவு நிறையே உள்ள இச்சுரப்பி, மண்டையோட்டின் அடியெலும்பில் உள்ள ஒரு குழியில் அமர்ந்திருக்கின்றது. அக்குழி குதிரைச் சேணம் போன்ற தோற்றமுடையதாதலால், உடற்கூற்று நூலார் அதனைத் துருக்கிச் சேணம் என்றனர். சேணமே காணாத குதிரைகள் திரியும் நெடுந்தீவிலும், மனிதர் ஒவ்வொருவர் தலையினுள்ளும் ஒரு சேணம் இருக்கின்றது.

கபச் சுரப்பி கானில் சுரப்பிகளுள் ஒன்று. அஃதாவது, தான் சுரப்பதைக் குழாய் வழியே செலுத்தாது நேரே குருதியிற் கலந்துவிடும் இயல்பினது. அது சுரப்பனவற்றை ஓமோன்கள் என்பர். சுரப்பியின் முற்பகுதியில் ஐவகைக் கலங்கள் உள்ளன. ஒருவகை வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும். மற்றொன்று தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் புறோலற்றினைத் தரும். மூன்றாவது, சிறுநீரகத்தின் மேலமைந்த அதிரீனற் சுரப்பிகளைத் தூண்டும். நான்காவது கழுத்திலுள்ள கேடயச் சுரப்பியைத் தூண்டும். ஐந்தாவது ஆணினதும் பெண்ணினதும் இனப்பெருக்க உறுப்புக்களை இயக்கும். இவ்வைந்தும் தத்தம் அளவறிந்து தொழில் செய்யுமளவும், அப்படியொரு சுரப்பி இருப்பதையே மனிதர் அறியார்.

இவ்வறிவு ஒரே நாளில் வந்ததன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தித் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் ஆக்கி அச்சேற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன் 1884இல் காலமானார். அவருடைய மாணாக்கர் கபச் சுரப்பியின் இருப்பிடத்தை அறிந்திருத்தல் கூடும். அதன் தொழிலை அறிந்திருத்தல் இயலாது. ஏனெனில், கை கால்களும் தாடையும் பருத்துவரும் நோயை பியர் மரி என்ற பிரெஞ்சு வைத்தியர் தனியொரு நோயாக விவரித்தது 1886ஆம் ஆண்டிலேயே ஆம். அந்நோய்க்கும் கபச் சுரப்பிக்கும் உள்ள தொடர்பு அதன் பின்னரே தெளிவாகியது.

அத்தொடர்பை உறுதிசெய்த சான்றுகளுள் ஒன்று ஓர் எலும்புக்கூடு. அயர்லாந்திற் பிறந்த சாள்ஸ் பேண் என்னும் இளைஞர் ஏறக்குறைய 231 சென்றிமீற்றர் உயரம் வளர்ந்தார். இலண்டன் நகரிலே பணம் கொடுத்தோருக்குக் காட்சிப்பொருளாக நின்று பிழைத்த அவர், 1783இல் தமது 22ஆம் வயதில் இறந்தார். உடற்கூற்று அறிஞர்கள் தம் உடலைக் கைப்பற்றுவர் என்று அஞ்சிய அவர், தம்மைக் கடலிலே அடக்கம் செய்யும்படி நண்பர்களை வேண்டியிருந்தார். கடலோடு வாழ்வோருக்கு அவ்வேண்டுகோளின் பொருள் விளங்கும். ஆயினும், ஜோன் ஹண்டர் என்ற புகழ்பெற்ற சத்திரவைத்தியர் பொருள் கொடுத்து அவ்வுடலைப் பெற்றார். எலும்புக்கூடு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இலண்டன் அரும்பொருட்சாலையிலே நின்றது. 1909இல் அமெரிக்கச் சத்திரவைத்தியர் ஹாவி குஷிங் அம்மண்டையோட்டைத் திறந்து நோக்கியபோது, சேணக் குழி பெரிதும் விரிந்திருக்கக் கண்டார். அங்கே ஒரு கட்டி வளர்ந்திருந்தது என்பதற்கு அது சான்றாயிற்று. இறந்தவரின் விருப்பத்தை மீறிக் காட்சிக்கு வைத்தல் தகாது என்ற குரல் வலுத்தமையால், 2023இல் அரும்பொருட்சாலை மீண்டும் திறக்கப்பட்டபோது அவ்வெலும்புக்கூடு காட்சியிலிருந்து நீக்கப்பட்டது.

கட்டி ஏன் தோன்றுகின்றது? தோன்றிய கட்டி ஏன் ஒருவரிடம் வளர்ச்சி ஓமோனையும், வேறொருவரிடம் புறோலற்றினையும் சுரக்கின்றது? இவற்றுக்கு விடை காணக் கலத்தினுள்ளே நுழைதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணையையும் ஊர்காவற்றுறையையும் உடைய தீவு லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அதே டெல்வ்ற் நகரிலேதான் அக்காலத்தில் அன்ரனி வான் லேவன்ஹூக் என்ற துணி வணிகர் தாமே கண்ணாடி வில்லைகளைத் தீட்டி, மனிதக் கண் அதுவரை கண்டிராத நுண்ணுயிர்களைக் கண்டு வியந்தார். அவர் தொடக்கி வைத்த நுண்ணுலகப் பயணம் இன்று கலத்தின் கருவையும் கடந்து, அதனுள் அடங்கிய பரம்பரை அலகுகள் வரை சென்றுள்ளது.

பரம்பரை அலகுகளைப் பனையோலைச் சுவடிக்கு ஒப்பிடலாம். மனிதனுடைய கலங்களிற் பெரும்பாலான ஒவ்வொன்றும் ஒரே சுவடியின் முழுப் படியை வைத்திருக்கின்றது. புரதங்களை ஆக்கும் முறைகளைக் கூறும் ஏடுகள் அதில் ஏறக்குறைய 20,000 உள. கண்ணின் கலத்திலும் அச்சுவடியே; ஈரலின் கலத்திலும் அச்சுவடியே. பின் வேறுபாடு எதனால்? எந்தெந்த ஏடு அவிழ்த்து ஓதப்படுகின்றது என்பதனால். ஓதப்படும் ஏட்டிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்னும் படி எழுதப்பட்டு, அதன்படி புரதம் ஆக்கப்படும். ஓதப்படாத ஏடு கட்டவிழாது கிடக்கும். இவ்வாறு பரம்பரை அலகு செயலாகி வெளிப்படுவதையே பரம்பரை அலகின் வெளிப்பாடு என்று அறிவியலார் கூறுவர்.

எந்த ஏட்டை அவிழ்ப்பது என்று கட்டளையிடும் புரதங்களும் உண்டு. கபச் சுரப்பியைப் பொறுத்தவரை அவற்றுள் மூன்று தலையாயவை. 1988இல் அறியப்பட்ட பிற்-1 என்பது வளர்ச்சி ஓமோன், புறோலற்றின், கேடயச் சுரப்பியைத் தூண்டும் ஓமோன் ஆகிய மூன்றின் ஏடுகளையும் அவிழ்க்கும். 2001இல் அறியப்பட்ட ரி-பிற் என்பது அதிரீனற் சுரப்பியைத் தூண்டும் கலங்களை ஆள்வது. எஸ்.எவ்.-1 என்பது இனப்பெருக்கத்தை இயக்கும் கலங்களை ஆள்வது. ஒரு கலம் கட்டியாக மாறிய பின்னும், அது பிறந்த குலத்தின் கட்டளையைப் பெரும்பாலும் மறப்பதில்லை. ஆகவேதான் பிற்-1 ஆளும் கலத்திற் பிறந்த கட்டி வளர்ச்சி ஓமோனையோ புறோலற்றினையோ சுரக்கின்றது. ரி-பிற் ஆளும் கலத்திற் பிறந்த கட்டி அதிரீனற் சுரப்பியை ஓயாது விரட்டுகின்றது. எஸ்.எவ்.-1 குலத்துக் கட்டிகளோ பெரும்பாலும் ஓமோனை மிகையாகச் சுரவாது, பருத்து அழுத்துவதனாலேயே துன்பம் தருவன. அகற்றப்பட்ட கட்டியை நுணுக்குக்காட்டியில் நோக்குவோர், இம்மூன்று புரதங்களுள் எது காணப்படுகின்றது என்று பார்த்தே இன்று அதன் குலத்தை வகுக்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட வகைப்பாடும் 2022ஆம் ஆண்டுக்குரிய வகைப்பாடும் இம்முறையைத் தழுவியவையே.

இனி, கட்டி தோன்றும் காரணம். ஏடு எழுதுவோன் கைதவறி ஓரெழுத்தைப் பிழைபட எழுதினால் பொருள் மாறுதல் போல, கலம் பிரியும்போது பரம்பரை அலகிலும் எழுத்துப் பிழை நேர்தல் உண்டு. வளர்ச்சி ஓமோன் கலத்துக்கு மூளையிலிருந்து சுரக்குமாறு செய்தி வரும். செய்தி வந்ததும் கலத்தினுள்ளே ஒரு புரத விசை இயங்கும். சிறிது நேரத்தில் அது தானே அணைந்துவிடும். ஜீ.என்.ஏ.எஸ். எனப்படும் அலகில் ஓரெழுத்துப் பிழைத்தால் அவ்விசை அணையாது. தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் நிறுத்துவாரின்றி இரவும் பகலும் ஓடினால் பயிர் என்னாகும்? கலமும் அவ்வாறே செய்தி வராத வேளையிலும் சுரந்துகொண்டிருக்கும், தானும் பெருகும். வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும் கட்டிகளுள் 100க்கு 30 முதல் 40 வரை இப்பிழையை உடையன. இது பெற்றோரிடமிருந்து வந்ததன்று. வாழ்நாளிலே ஒரு கலத்தில் நேர்ந்த விபத்து. ஆதலின், தம் பிள்ளைகளுக்கும் இது தொடருமோ என்று அந்நோயாளர் கலங்க வேண்டியதில்லை.

பரம்பரையாக வரும் வகையும் சிறுபான்மையாக உண்டு. 2006இல் பின்லாந்து நாட்டு அறிஞர்கள் ஏ.ஐ.பி. என்னும் அலகிலுள்ள பிழை, குடும்பங்களில் இக்கட்டியைத் தோற்றுவிப்பதைக் கண்டனர். 2011இல் இலண்டன் அறிஞர்கள் சாள்ஸ் பேணின் பற்களிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து ஆராய்ந்தபோது, அதே அலகிற் பிழை இருக்கக் கண்டனர். வட அயர்லாந்தில் இன்று வாழும் நான்கு குடும்பங்களிலும் அதே பிழை இருந்தது. ஏறக்குறைய 57 முதல் 66 தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த ஒரே முன்னோரிடமிருந்து அவர்கள் யாவரும் அதனைப் பெற்றனர் என்று கணிக்கப்பட்டது. அப்பகுதியின் ஓரிடத்தில் 150 பேருக்கு ஒருவர் அப்பிழையைத் தாங்கியிருப்பது பின்னர் தெரியவந்தது. அயர்லாந்து நாட்டார் இராட்சதர் கதைகளுக்குப் பேர்போனவர்கள். அக்கதைகளின் வேரிலே ஏட்டுப்பிழையொன்று இருந்திருக்கலாம் என்று எண்ணுவது கற்பனைக்கு மாத்திரம் உரியதன்று.

ஆனால், பிழையைத் தாங்கிய யாவரும் நோயுறுவதில்லை. ஐவரில் நால்வர் அளவினர் கட்டியின்றியே வாழ்ந்து முடிகின்றனர். ஒவ்வோர் ஏட்டுக்கும் தாய்வழிப் படியொன்றும் தந்தைவழிப் படியொன்றும் இருப்பதனால், ஒன்று பிழைத்தாலும் மற்றையது காக்கும். அதுவும் ஒரு கலத்திற் கெடும்போதே கட்டி முளைக்கும். ஆகவே, தாத்தாவுக்கு இருந்து, தகப்பனுக்கு இல்லாது, பேரனுக்கு வருதலும் உண்டு. தீவகத்து மக்கள் தம் உறவுமுறையைப் பல தலைமுறைக்கு நினைவிற் கொண்டிருப்பவர்கள். பாட்டனாரின் தமையன் எவ்வளவு உயரமானவர், அவர் எவ்வயதில் இறந்தார் என்ற செய்திகள் திண்ணைப் பேச்சிலே வழங்குவன. வைத்தியர் கேட்கும்போது அவற்றைச் சொல்லுதல், விலைமதிப்புள்ள பரிசோதனையொன்றைச் செய்வதற்கு ஒப்பாகும்.

இராட்சத வளர்ச்சி அரிதினும் அரிது. எலும்பின் நுனிகள் ஒட்டுமுன், இளமையிலே கட்டி தோன்றினாலே உயரம் மிகும். வளர்ந்தோரிடம் தோன்றினால் உயரம் கூடாது. கை, கால், மூக்கு, உதடு, தாடை என்பன மெல்ல மெல்லப் பருக்கும். மாற்றம் அத்துணை மெதுவாக நிகழ்வதனால், நாள்தோறும் காணும் வீட்டார் அதனைக் கவனியார். நோய் தோன்றிய காலத்துக்கும் அறியப்படும் காலத்துக்கும் இடையே ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழிதல் வழக்கம். அதற்கிடையில் நீரிழிவும் குருதி அமுக்கமும் இதய நோயும் சேர்ந்துவிடும். இவற்றுக்குத் தனித்தனியே மருந்துண்போர், மூலம் ஒன்றென அறியார். திருமண மோதிரம் விரலில் ஏறாமை, செருப்பின் அளவு ஆண்டுக்காண்டு கூடுதல், பழைய அடையாள அட்டைப் படத்துக்கும் இன்றைய முகத்துக்கும் உள்ள வேறுபாடு ஆகிய மூன்றும் எவரும் செலவின்றிக் காணக்கூடிய அடையாளங்கள்.

ஓமோன் சுரக்கும் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது புறோலற்றின் கட்டியே. இதனால் பெண்களுக்கு மாதவிடாய் தடைப்படும், மகப்பேறு இல்லாமலேயே பால் சுரத்தலும் உண்டு, கருத்தரித்தல் நிகழாது. இங்கேதான் நோயினும் கொடியதொன்று வந்து சேர்கின்றது. குழந்தையில்லாத பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்குவதும், நாகதோஷம் என்று சொல்லிக் காலம் கடத்துவதும், மறுமணப் பேச்செடுப்பதும் நம்மிடையே இல்லாதவை அல்ல. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலுக்கு மகப்பேறு வேண்டி நேர்த்திக்கடன் வைப்போர் பலர். நேர்த்திக்கடனை எவரும் கைவிட வேண்டியதில்லை. அதனோடு ஒரு குருதிப் பரிசோதனையும் செய்துகொள்வாராயின், அம்பாளின் அருளுக்கு அது குறைவாகாது. ஏனெனில், இக்கட்டி பெரும்பாலும் சத்திரசிகிச்சையின்றி, மாத்திரையாலேயே வசப்படுவது. ஆண்களுக்கும் இந்நோய் உண்டு. ஆண்மைக் குறைவும் மலட்டுத்தன்மையும் அதனால் நேரும். ஆதலின், பரிசோதனை மனைவிக்கு மாத்திரம் உரியதன்று.

மாத்திரை கட்டியை எங்ஙனம் சுருக்குகின்றது? புறோலற்றின் கலத்தின் மேற்பரப்பிலே டோப்பமின் என்னும் பொருளை ஏற்கும் வாங்கிகள் உள்ளன. டோப்பமின் வந்து சேர்ந்தால் சுரத்தல் அடங்கும். புறோமோகிறிப்ரின், கபேர்கோலின் ஆகிய மருந்துகள் டோப்பமின் போன்று அவ்வாங்கியிற் பொருந்துவன. ஆகவே, கட்டியின் கலங்கள் அவ்வாங்கியின் ஏட்டை நன்கு ஓதுமாயின் மருந்து பலிக்கும், ஓதாதுவிடின் பலியாது. நல்லூழாகப் பெரும்பான்மையோரிடம் அது பலிக்கின்றது. வளர்ச்சி ஓமோன் கட்டிக்கும் இவ்விதியே. சொமற்றோஸ்ரற்றின் வாங்கிகளுள் இரண்டாம் வகை மிகுதியாக வெளிப்பட்டால் ஒக்ரியோரைட் என்னும் ஊசிமருந்து நன்கு வேலை செய்யும். ஏ.ஐ.பி. பிழையுடைய கட்டிகள் இம்மருந்துக்குப் பெரும்பாலும் எளிதில் அடங்குவதில்லை. பரம்பரை அலகின் வெளிப்பாடு என்பது ஆய்வுகூடத்துச் சொல் மாத்திரமன்று. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்கும் செய்தி.

மூன்றாவது வகைக் கட்டி அதிரீனற் சுரப்பியைத் தூண்டிக் கோட்டிசோலை மிகைப்படுத்துவது. குஷிங் நோய் என்று பெயர்பெற்ற இதனால் முகம் வட்டமாகும், வயிறு பருத்துக் கை கால் மெலியும், தோலில் ஊதா நிற வரிகள் தோன்றும், எலும்பு நொய்யும். 2015இல் இக்கட்டிகள் பலவற்றில் யூ.எஸ்.பி.-8 என்னும் அலகிற் பிழை இருப்பது அறியப்பட்டது. இதே தோற்றம் ஸ்டெரொயிட் மருந்துகளை நெடுநாள் உண்பதாலும் வரும். அவ்வாறு உண்போர் அம்மருந்தைத் திடீரெனத் தாமே நிறுத்துதல் உயிருக்கு ஆபத்து என்பதையும் மறத்தலாகாது.

வளர்ச்சி ஓமோன் கட்டிக்கும் குஷிங் நோய்க்கும் பெரும்பாலும் முதற் சிகிச்சை சத்திரசிகிச்சையே. தலையைத் திறப்பர் என்று அஞ்ச வேண்டியதில்லை. மூக்கின் வழியே நுழைந்து சேணக் குழியை அடைந்து கட்டியை அகற்றுவர். இவ்வழியை 1907இல் ஒஸ்திரிய நாட்டுச் சத்திரவைத்தியர் ஹேர்மன் ஷ்லோபர் முதலிற் கையாண்டார். இக்கட்டிகள் மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல என்பதும் ஆறுதலான செய்தி. ஆனால், வளர விட்டால் சுரப்பிக்கு மேலே செல்லும் பார்வை நரம்புகளை நசுக்கும். அப்போது நேரே உள்ளது தெரியும். இரு பக்கங்களும் இருளும். படகோட்டி ஒருவர் பக்கத்தே வரும் வள்ளத்தைக் காணாது மோதுவாராயின், குற்றம் அவருடைய கவனக்குறைவாக இல்லாதிருக்கலாம்.

நெடுந்தீவிலிருந்து வைத்திய நிபுணரை நாடுவது எளிதன்று. குறிகட்டுவான் துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பயணம். வாடைக்காற்றும் சோளகமும் மூர்க்கம் கொண்டால் அன்றைய பயணமே இல்லை. ஆகவே, தீவகத்து மக்களுக்கு முதல் வைத்தியர் வீட்டிலுள்ளோரே ஆவர். காரணமறியாத தலைவலியும் பார்வைக் குறைவும், நின்றுபோன மாதவிடாயும், ஏறாத மோதிரமும், வகுப்புத் தோழரையெல்லாம் விஞ்சி விரைந்து வளரும் பிள்ளையும் கண்ணிற் படுமாயின், உள்ளூர் வைத்தியசாலையிற் சொல்லிவிடுதல் வேண்டும். அங்குள்ள வைத்தியர் தக்க இடத்துக்கு அனுப்புவார். புறோலற்றின் மிகுந்த யாவருக்கும் கட்டி இருப்பதில்லை. கருவுற்றிருத்தல், கேடயச் சுரப்பிக் குறைவு, வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகள் என்பனவும் அதனை மிகச் செய்யும். எனவே, காரணத்தைத் துணிதல் வைத்தியரின் கடன். அறிகுறியைக் கண்டு சொல்லுதல் வீட்டாரின் கடன்.

நெடுந்தீவின் கல்லிலே பதிந்த காலடி என்றும் அவ்வாறே இருக்கும்; அதன் அளவு மாறாது. செருப்பின் அளவு மாறிக்கொண்டே வரும் மனிதர் ஒருவர் அயலிலே இருப்பாராயின், வியப்போடு நோக்குவதை விடுத்து, துறைமுகம் வரை அவருடன் துணைசெல்வதே அறமாகும்.